கடைசி ஆள் வரும்வரை

சித்தப்பாவை அடக்கம் பண்ணிய அன்று நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. கல்லறைத் தோட்டத்தில் செம்மண்ணை வெட்டி மேடாகக் குவித்திருந்தார்கள். தூறல் விழுந்து செருப்பெல்லாம் மண் அப்பிக்கொண்டது. அடக்க ஆராதனையில் பேசியவர் சித்தப்பாவின் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மற்ற நேரமெல்லாம் இயேசு சொன்ன ஐசுவரியவான், லாசரு கதைதான். நாக்கைக் குளிரவைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காத அந்த அக்கினியைப் பற்றி நிறுத்தி நிதானமாகப் பேசினார். சித்தப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் போய்ச் செத்தவர். கோயில் வாசலை மிதித்தும் பல வருஷம் ஆகியிருந்தது. யாரை நினைத்து அந்தப் பிரசங்கம் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏல, அவன் அங்க இல்லன்னா எனக்கு அங்க என்னல சோலி?"

ஆச்சி ஒரு நாள்கூட ஜெபக்கூட்டம் தவறாதவள். மோட்சம் தனக்கு உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பிள்ளை இல்லாத மோட்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவள் கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பிற்பாடு கல்லூரி முடித்து, வேலைக்கு வந்து, ஒரு இறையியல் கல்லூரி நூலகத்தில் சனிக்கிழமைதோறும் போய் உட்காரும் பழக்கம் வந்தபோதுதான் தெரிந்தது: கிறிஸ்து பிறந்து இருநூற்றைம்பது வருஷம் ஆவதற்குள் ஒருவர் ஏறக்குறைய இதே கேள்வியைக் கிறிஸ்துவின் பக்கம் நின்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் ஒரிஜென்.

லேவியராகமத்தைப் பற்றிய அவருடைய ஏழாவது பிரசங்கம். ஆசாரிப்புக் கூடாரத்துக்குள் போகும் ஆசாரியன் திராட்சரசம் குடிக்கக் கூடாது என்பது அன்றைய வேதபாடம். கேட்டால் சலிப்பூட்டும் சட்டம்தான். ஒரிஜென் அதைக் கடைசி இராப்போஜனத்தோடு கொண்டுபோய்க் கோக்கிறார். பிதாவின் ராஜ்யத்தில் உங்களோடேகூடப் பானம்பண்ணும் நாள்வரைக்கும் இதைக் குடிப்பதில்லை என்று இயேசு சொன்னார் அல்லவா? அந்த நாள் இன்னும் வரவில்லை என்கிறார் ஒரிஜென். நான் பாவத்தில் கிடக்கும்வரை என் இரட்சகரால் சந்தோஷப்பட முடியாது. இப்போதும் அவர் எனக்காகத் துக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பாவிகளிலேயே கடைசி ஆளும் மோசமான ஆளுமாகிய என்னைச் சீராக்கி முடித்தால்தான் அவர் வேலை முடியும். அதுவரை காத்திருக்கிறார். அவர் மட்டுமா? ஆபிரகாம் காத்திருக்கிறார், தீர்க்கதரிசிகள் காத்திருக்கிறார்கள். ஓர் உறுப்பு குறைந்தாலும் உடம்பு முழு உடம்பாகாது. ஆகவே அவர்கள் சந்தோஷமும் இன்னும் நிறையவில்லை.

படித்தபோது எனக்கு எங்கள் ஊர் அசனப் பண்டிகைதான் ஞாபகம் வந்தது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அசனம் தெரியும். சபையே சேர்ந்து ஆக்கி, பெரியவன் சின்னவன் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஆச்சி கடைசிப் பந்தி முடியும்வரை சாப்பிட மாட்டாள். சித்தப்பா எங்கேயாவது விழுந்து கிடப்பார் என்று தெரிந்தும் ஒரு இலையில் சோறு வாங்கி மூடி வைத்திருப்பாள். ஒரிஜென் எழுதியதைப் படிக்க அவள் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

இந்த மனிதர் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 185-இல் பிறந்தவர், அலெக்சாந்திரியாவில் வளர்ந்தவர். 202-இல் நடந்த துன்புறுத்தலில் அப்பா லெயோனிடஸ் கொல்லப்பட்டார். பதினேழு வயதுகூட நிறையாத பையன் தானும் போய்ச் சாவேன் என்று கிளம்ப, அம்மா அவன் உடுப்பையெல்லாம் ஒளித்துவைத்து வீட்டிலேயே நிறுத்தியதாக வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். அப்போதும் அவன் சும்மா இருக்கவில்லை, எங்களை நினைத்து மனம் மாறிவிடாதீர்கள் என்று சிறையிலிருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதினான். பிற்காலத்தில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் இருந்துகொண்டு வேதப் பகுதிகள் பெரும்பாலானவற்றுக்கு உரை எழுதினார். சொல்லச் சொல்ல மாறிமாறி எழுத ஏழு பேருக்கு மேல் சுருக்கெழுத்தாளர்கள் இருந்தார்களாம். 250-இல் டெசியுஸ் பேரரசன் காலத்தில் பிடித்துக்கொண்டுபோய்க் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, காலைத் தொழுமரத்தில் அகட்டி வைத்து வதைத்தார்கள். மறுதலிக்கவில்லை. சில வருஷத்தில் இறந்துபோனார். இத்தனைக்கும் அவருக்குப் புனிதர் பட்டம் கிடையாது. அவர் எழுதியதில் பெரும்பகுதி அழிந்துபோனது.

அப்படி என்னதான் சொன்னார்? 'முதற் கோட்பாடுகள்' என்ற நூலில் அவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் ஒன்று: முடிவு எப்போதும் தொடக்கத்தைப் போலவே இருக்கும். எல்லாம் கடவுளிடமிருந்து வந்தது, எல்லாம் அவரிடம் திரும்பும். பவுல் எழுதியதுபோல, "தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பதற்கு." கடைசிச் சத்துருவாகிய மரணம் அழிக்கப்படும் என்றால், அந்தச் சத்துருவே இல்லாமல் போகும் என்று பொருள் இல்லையாம். அதன் பகை இல்லாமல் போகும், சத்துரு சத்துருவாக இருப்பது நிற்கும் என்கிறார். இந்தத் திரும்புதலுக்குக் கிரேக்கத்தில் அப்போகதாஸ்தாசிஸ் என்று பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் 3:21-இல் வரும் சொல் அது. சாய்ந்ததைத் திரும்ப நிறுத்துவது, இழந்ததை மீட்டுக்கொடுப்பது என்ற பொருளில் வழங்கியது. நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் அந்த இடத்தில் "நிறைவேறித்தீருங்காலங்கள்" என்று இருக்கும். தப்பான மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன். கிரேக்க வாக்கியத்தை அப்படியும் பிரிக்கலாம். ஆனால் தமிழில் மட்டுமே படித்து வளர்ந்த எனக்கு, அந்த வசனத்துக்குள் இப்படி ஒரு வாசல் இருப்பது முப்பது வயதுவரை தெரியவே தெரியாது.

சரி, ஒரிஜென் இதை உறுதியாகச் சொன்னாரா, யோசித்துப் பார்த்தாரா? முதல் சண்டை இங்கேதான் தொடங்குகிறது, இன்றுவரை ஓயவில்லை. காரணம், 'முதற் கோட்பாடுகள்' கிரேக்க மூலம் முழுசாகக் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பது நாலாம் நூற்றாண்டின் கடைசியில் ரூஃபினுஸ் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. ஒரிஜெனின் நூல்களில் விரோதிகள் கை வைத்திருக்கிறார்கள், அதனால் சில இடங்களை நேராக்கியிருக்கிறேன் என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஒரு காலத்தில் ஒரிஜெனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஜெரோம் அதற்குள் எதிர்ப்பக்கம் போயிருந்தார். ரூஃபினுஸ் பூசி மெழுகுகிறார் என்று சொல்லித் தானே ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். அது தொலைந்துபோய், சில துண்டுகள் மட்டும் ஒரு கடிதத்தில் மிஞ்சின. இளவயதிலிருந்து நண்பர்களாக இருந்த இருவர் ஒரு செத்த மனிதரின் புத்தகத்துக்காகப் பகையாளிகளாகவே ஆகிப்போனார்கள்.

1913-இல் பவுல் கோட்சாவ் என்ற ஜெர்மானியர் இந்த நூலுக்கு ஒரு பதிப்பு கொண்டுவந்தார். ரூஃபினுஸ் மறைத்திருப்பார் என்று தோன்றிய இடங்களில் எல்லாம் ஜெரோமின் துண்டுகளையும், ஜஸ்டினியன் பேரரசன் கண்டனத்துக்காகத் தொகுத்த மேற்கோள்களையும், வேறு சில எழுத்துகளையும் எடுத்து நூலின் நடுவிலேயே செருகிவிட்டார். 1936-இல் பட்டர்வர்த் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதையே பின்பற்றியது. நான் நூலகத்தில் முதலில் எடுத்துப் படித்தது அந்த மொழிபெயர்ப்பைத்தான். ஒரு பக்கத்தில் நிதானமாக, "இதை வாசிக்கிறவரே யோசித்துக்கொள்ளட்டும்" என்கிற தொனியில் பேசிக்கொண்டிருக்கும் ஒரிஜென், அடுத்த பத்தியில் திடீரென்று அடித்துச் சொல்லும் ஆளாக மாறுவார். எனக்குக் குழப்பமாக இருந்தது. அடிக்குறிப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது: அந்த இரண்டாவது குரல் அவரை எரிக்க நினைத்தவர்கள் எடுத்துவைத்த குரல். 2017-இல் ஜான் பேர் ஆக்ஸ்ஃபோர்டு வழியாகக் கொண்டுவந்த பதிப்பு இந்தச் செருகல்களை வெளியே எடுத்துவிட்டது. ஒருவரை விசாரிக்கும்போது அவர் சொன்னதாக எதிராளி எழுதிக்கொடுத்ததை அவர் வாக்குமூலத்துக்குள்ளேயே தைத்துவைப்பது எந்த ஊர் நியாயம்? நூறு வருஷம் அப்படித்தான் பலபேர் அவரைப் படித்தார்கள்.

இதற்கு நடுவே 2012-இல் ஒரு நல்லது நடந்தது. மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தில் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளுக்கு விவரப்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த மரீனா மோலின் பிரடெல், ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு பழைய பிரதியைப் புரட்டுகிறார். சங்கீதங்களைப் பற்றிய 29 பிரசங்கங்கள். அதில் சில, 36-ஆம் சங்கீதத்தைப் பற்றியவை (நம் வேதாகமத்தில் 37), ஏற்கெனவே ரூஃபினுஸின் லத்தீனில் ஒரிஜென் பெயரில் தெரிந்தவை. அப்படியானால் இது அதன் கிரேக்க மூலம்! லொரென்சோ பெரோனே தலைமையில் பரிசோதித்து உறுதி செய்து, 2015-இல் அச்சில் வந்தது. பல நூற்றாண்டாகக் கேட்காமல் போயிருந்த குரல், ஒரு நூலகரின் மேசைமேல் திரும்பக் கிடைத்தது. எனக்கு இதில் இன்னொரு சந்தோஷமும் உண்டு. அந்த நாலைந்து பிரசங்கங்களையாவது கிரேக்கத்தையும் லத்தீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரூஃபினுஸ் எவ்வளவு நேர்மையானவர் என்று இப்போது சோதிக்கலாம். அவர் நீட்டுகிறார், சுருக்குகிறார், உபதேசத்துக்கு வசதியாக வளைத்துக்கொள்கிறார். பொய்யர் என்று தள்ள முடியாது என்பது என் எண்ணம்.

பிசாசுக்கும் மீட்பு உண்டு என்று ஒரிஜென் சொன்னாராம் என்பதுதான் அவர்மேல் வைக்கப்படும் பெரிய குற்றம். அவர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பேச்சு கிளம்பிவிட்டது. அலெக்சாந்திரியா நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், புத்தி பேதலித்தவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான் என்று வருத்தப்பட்டிருக்கிறார். அந்தப் பகுதியை ரூஃபினுஸ், ஜெரோம் இரண்டு பேருமே எடுத்துக்காட்டுகிறார்கள். இப்போதைய ஆய்வாளர்கள் இந்த வரியை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். பிசாசு பிசாசாகவே இருந்துகொண்டு மீட்படைய மாட்டான் என்றுதான் சொன்னார், அவன் பகையை விட்டால் பிறகு பிசாசே இல்லையே என்பார் ஒருவர். இல்லை, அடித்து மறுத்திருக்கிறார், அதோடு விடுங்கள் என்பார் இன்னொருவர். எனக்கு முதல் விளக்கம் சரியாகப் படுகிறது, சத்துரு அழிவதைப் பற்றி அவர் சொன்னதோடு அதுதான் பொருந்துகிறது.

"அதெல்லாம் சரி, 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கம் அவரைச் சபித்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பதினைந்து சாபங்களும் சங்கத்தின் முறையான நடவடிக்கைக் குறிப்புகளில் இல்லை. சங்கம் தொடங்கும் முன்பே, வந்து காத்திருந்த ஆயர்களிடம் ஜஸ்டினியன் அதை ஒப்புதலுக்கு வைத்தான் என்பதே இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 1990-இல் வெளிவந்த நார்மன் டானரின் பொதுச்சங்கத் தீர்மானத் தொகுப்பு, இவற்றை இந்தச் சங்கத்தோடு சேர்க்க முடியாது என்று சொல்லி அச்சிடாமலே விட்டது. சங்கத்தின் பதினோராம் தீர்மானத்தில் மற்ற பேதகர் வரிசையில் ஒரிஜென் பெயரும் வருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அப்புறம் இன்னொன்று. 1962-இல் அந்துவான் கியோமோன் என்ற பிரெஞ்சு அறிஞர், எவாகிரியுஸ் என்ற துறவியின் நூலைச் சிரிய மொழியில் பார்த்து ஒப்பிட்டு, அந்தச் சாபங்கள் குறிவைத்த கருத்துகள் பெரும்பாலும் எவாகிரியுஸ் வழிவந்தவை என்று காட்டினார். செத்து முந்நூறு வருஷம் ஆன மனிதருக்கு, பின்னால் வந்தவர்கள் சொன்னதற்கும் சேர்த்துத் தண்டனை. நாலாம் நூற்றாண்டு ஆயர் நிசா ஊர் கிரகோரி, எல்லாரும் கடைசியில் சீராவார்கள் என்று ஒரிஜெனைவிடத் தெளிவாகவே எழுதினார். அவரை யாரும் தொடவில்லை, இன்றும் அவர் புனிதர்.

சொல் சண்டை ஒன்று உண்டு. மத்தேயு 25:46-இல் "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்" இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான், அயோனியோஸ். ஒரு யுகத்துக்குரியது, வரப்போகும் யுகத்தைச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். முடிவே இல்லாதது என்பதற்குக் கிரேக்கத்தில் வேறு சொல் இருந்தது. இலாரியா ராமெல்லியும் டேவிட் கான்ஸ்டனும் 2007-இல் இந்தச் சொற்களுக்காகவே ஒரு முழு நூல் எழுதினார்கள். எதிர்த் தரப்பின் சார்பில் ஆயர் அகுஸ்தீன் பதினாறு நூற்றாண்டுக்கு முன்பே பதில் எழுதிவைத்துவிட்டார்: ஒரே வசனத்தில் ஒரே சொல். ஜீவனுக்கு முடிவில்லை என்றால் ஆக்கினைக்கு மட்டும் எப்படி முடிவு வரும்? அகுஸ்தீன் அந்த இடத்தில் ஆக்கினைக்கு முடிவு உண்டு என்றவர்களை "நம்முடைய இரக்கமுள்ளவர்கள்" என்று குறிப்பிட்டுத்தான் வாதத்தைத் தொடங்குகிறார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் வாதம் பலமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜீவன் முடியாதது கடவுள் முடியாதவர் என்பதால், அந்தச் சொல்லால் அல்ல என்று பதில் சொல்லலாம்தான். ஆனாலும் ஒரு சொல்லை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் காலத்தில் இந்த நெருப்பை ஊதிவிட்டது டேவிட் பென்ட்லி ஹார்ட் 2019-இல் எழுதிய சின்னப் புத்தகம். அதற்கு முன்பே 2013-இல் ராமெல்லி, புதிய ஏற்பாடு தொடங்கி ஒன்பதாம் நூற்றாண்டுவரை அப்போகதாஸ்தாசிஸ் பேசியவர்களையெல்லாம் திரட்டித் தலையணை தடிமனுக்கு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதற்கு மறுப்பாக மைக்கேல் மெக்கிளைமண்ட் 2018-இல் இரண்டு பெரிய பாகங்களாக எழுதினார். இந்தக் கருத்தின் வேர் திருச்சபையில் இல்லை, திருச்சபை பேதகர் என்று தள்ளிய ஞானக்கொள்கைக்காரர்களிடம் இருக்கிறது என்பது அவர் வழக்கு. ஹார்ட் எழுத்தில் கோபம் அதிகம், ஒத்துக்கொள்ளாதவர்களைத் திட்டுகிறார். எல்லாருக்கும் இடம் உண்டு என்று சொல்லும் புத்தகத்தில் அந்தச் சூடு எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அதில் ஓர் அத்தியாயம் என்னை அப்படியே திண்ணைக்குக் கொண்டுபோய்விட்டது. மனிதன் தனித்தனியாக அடுக்கி வைக்கப்பட்ட பொருள் இல்லை, நாம் நேசித்தவர்களால் ஆனவர்கள் நாம் என்கிறார். ஒரு தாயின் நினைவிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிவிட்டு மோட்சத்துக்குக் கொண்டுபோனால், அங்கே போய்ச் சேர்வது அந்தத் தாய்தானா? பிடுங்காமல் கொண்டுபோனால் அது அவளுக்கு எப்படி மோட்சமாகும்?

ஆச்சி இதை ஒரே வரியில் கேட்டாள்.

இதற்கு நேர் எதிராக, ஒரிஜெனுக்குச் சற்று முந்திய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், பொல்லாதவர்கள் எரிவதைப் பார்த்துத் தான் மகிழப்போவதாக எழுதினார். அதே சபைக்குள் அந்தக் குரலும் இருந்தது, காத்திருக்கும் கிறிஸ்துவும் இருந்தார். நாங்கள் எதைக் கேட்டு வளர்ந்தோம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கர்கள் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். டானியலூவும் ஹென்றி தெ லுபாக்கும் ஒரிஜெனைத் திரும்ப மதிப்போடு படிக்கவைத்தார்கள். அந்தப் பள்ளியில் வந்த சுவிஸ் இறையியலாளர் ஹான்ஸ் உர்ஸ் ஃபான் பல்தசார், எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, ஆனால் அப்படி நம்பிக்கையோடு எதிர்பார்க்கவும் ஜெபிக்கவும் கடமை உண்டு என்றார். 1980-களில் அதற்காக அவரை வறுத்தெடுத்தார்கள். 1988-இல் இரண்டாம் யோவான் பவுல் அவரைக் கர்தினாலாக அறிவித்தார். பட்டம் ஏற்கும் விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இறந்துபோனார். 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் தம் புதன்கிழமை மறைக்கல்வியில் ஒரிஜெனுக்கு என்றே இரண்டு வாரம் ஒதுக்கி, அவரிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். உலகத்து மக்கள் யாவரையும் மீட்க வேண்டும் என்பது கடவுளுடைய சித்தம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் சொல்கிறது: "எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படவும்..." அந்தச் சித்தம் தோற்குமா என்று கேட்பது பாவம் இல்லை என்ற அளவுக்காவது இப்போது வந்திருக்கிறோம்.

மனிதனுக்குச் சுதந்திரம் இருக்கிறதே, அவன் வேண்டாம் என்றால் கடவுள் என்ன செய்வார்? இந்த எதிர்ப்பு எளிதில் போகாது. விசித்திரம் என்னவென்றால், பழைய உலகத்தில் மனிதச் சுதந்திரத்தை ஒரிஜென் அளவுக்கு உயர்த்திப் பிடித்தவர்கள் குறைவு. அதனால்தான் எதிராளிகள், உம் கணக்குப்படி மோட்சத்திலிருந்தும் ஒருவன் விழலாமே, சுற்றிச் சுற்றி வருவதற்கா மீட்பு என்று அவரை மடக்கினார்கள். ரோமர் நிருப உரையில் அவர் சொல்லும் பதிலைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்: சுதந்திரம் அப்படியே இருக்கும், ஆனால் விழாமல் பிடித்துவைப்பது அன்பு. அன்பு ஒருக்காலும் ஒழியாது என்று பவுல் சொல்லியிருக்கிறாரே. பூட்டுப் போட்டால்தான் நிற்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. ருசி கண்டவன் எழுந்துபோக மாட்டான் என்று நினைத்தார்.

இதையெல்லாம் ஊருக்கே உரக்கச் சொல்லலாமா என்பதில் ஒரிஜெனுக்கே தயக்கம் இருந்தது. கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுஸ் என்பவனுக்கு எழுதிய மறுப்பில், தண்டனை உண்டு என்பதற்கு மேல் விளக்குவது எல்லாருக்கும் நல்லதல்ல, அந்தப் பயம் இல்லாவிட்டால் சிலர் கட்டுக்கடங்க மாட்டார்கள் என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. பயம் யாரை நிறுத்தியது? எங்கள் சபையில் நரகத்தைப் பற்றி அத்தனை பிரசங்கம் கேட்ட சித்தப்பா ஒரு நாளாவது குடிக்காமல் இருந்தாரா? குடிக்காமல் இருந்த சில வாரங்கள் உண்டு. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்து கொடுத்த வாரங்கள் அவை.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது சித்தியிடம் இதைப் பேசினேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் பேசினேன். சித்தி முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டாள். அப்புறம் கை நிற்காமலே சொன்னாள்: "அவுக அங்க வருவாகன்னா நான் வரல்ல தம்பி."

எனக்கு வாயடைத்துப்போயிற்று. அவள் முன்கையில் மணிக்கட்டுக்கு மேலே வளைந்த ஒரு தழும்பு உண்டு. ஒரு ராத்திரி நடந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆச்சியின் கேள்வியையே இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்த நான், சித்திக்கும் அந்த மேசையில் ஒரு இலை போட வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. எல்லாருக்கும் மீட்பு என்பவர்களைப் பார்த்து எதிர்த் தரப்பு கேட்கும் மிகச் சரியான கேள்வி இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: அடிபட்டவர்களிடம் கேட்டீர்களா?

அன்று ராத்திரி திரும்ப 'முதற் கோட்பாடுகள்' இரண்டாம் புத்தகத்தை எடுத்தேன். அதில் நெருப்பைப் பற்றி வருகிறது. ஒவ்வொரு பாவியும் தன் நெருப்பைத் தானே மூட்டிக்கொள்கிறான் என்று ஏசாயாவிலிருந்து காட்டுகிறார். வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொளுத்துவதில்லை, அவனவன் செய்ததே விறகு. மனச்சாட்சியின் கண்முன்னால் அவன் செய்த ஒவ்வொன்றும், மறந்துபோனது முதற்கொண்டு, சரித்திரம்போல விரியும். அதைப் பார்ப்பதுதான் எரிவது. கடவுள் அங்கே வைத்தியர். சூடு வைப்பதும் அறுப்பதும் குணமாக்கத்தான். ஆனால் வலி வலிதான், எவ்வளவு காலம் என்று கணக்கும் இல்லை. ஒரிஜெனை இரக்கக்காரர் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்திருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது. ஐசுவரியவானின் நெருப்பைவிட இது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சித்தியிடம் அதையும் சொன்னேன். சும்மா உள்ளே விட்டுவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை சித்தி, செய்ததையெல்லாம் முதலில் பார்த்தாக வேண்டும் என்கிறார், ஒன்று விடாமல்.

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாளியில் இருந்த தண்ணீரில் கையை முக்கிக் கழுவினாள்.

"அந்த ராத்திரியையுமா?"

"ஆமா சித்தி."

"நான் நின்ன இடத்துல நின்னு பாப்பாகளா, அவுக நின்ன இடத்துல நின்னா?"

ஒரிஜென் அதைச் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

"நான் நின்ன இடத்துல நின்னு பாக்கட்டும்," என்றாள். "அப்புறம் யோசிக்கேன்." வாளியைத் தூக்கிக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.